மருந்து என்று எழுதினேன்

"உறுப்பினர் வச்சேரா கொண்டுவந்த விதை மருந்து பயனற்றது என்று இக்கூட்டம் கருதுகிறது. இனி யாரும் அதை வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டது."

இதை எழுதியவன் நான். எங்கள் பால் சங்கத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில் ஏழாம் தீர்மானமாக, என் கையெழுத்தில் இருக்கிறது. பதினோரு வருடம் அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். வச்சேரா என் மனைவி.

அந்த ஜூலை மாதக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். பெண்கள் பக்கம், மூன்றாவது பெஞ்சு, பச்சைத் தலைத்துணி. தலைவர் கச்சாஞ்சா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'பயனற்றது' என்று அவர் சொல்லவில்லை. "அது வேலைக்கு ஆகலை, விடுங்க" என்றுதான் சொன்னார். அதைப் புத்தகத்துக்கு ஏற்ற மொழியில் மாற்றியது நான். அழகாக எழுதுவேன் என்று அந்த வட்டாரத்தில் எனக்குப் பேர் உண்டு.

திரும்பி வரும்போது சேற்றில் எனக்கு முன்னால் நடந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "பிழை இல்லாம எழுதினீங்களா?"

"செயலாளர் வேலை அது. சொன்னதை எழுதணும்."

"சரி. பிழை இல்லாம எழுதினீங்களான்னுதான் கேட்டேன்."

ஆறு மாதம் கழித்து அவள் இறந்துபோனாள். அந்தத் தீர்மானத்தால் இறந்தாள் என்று நான் சொல்லவில்லை. தொண்டையில் வந்த நோயால் இறந்தாள். ஆனால் அந்தத் தீர்மானம் புத்தகத்தில் இருக்க இறந்தாள். எனக்கு இரண்டும் ஒரே கணக்கு.

நைரோபிக்கு வடக்கே, நியாண்டருவா மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் மண் கறுப்பு. மார்ச்சில் பெருமழை இறங்கினால் தண்ணீர் போக வழி தெரியாமல் வயலிலேயே உட்கார்ந்துகொள்ளும். பசு வைத்திருப்பவர்கள் தீவனத்துக்குக் குதிரைமசால் போடாமல் இருக்க முடியாது. நேப்பியர் புல்லை மட்டும் தின்ற மாட்டுக்கு வயிறு நிறையும், மடி நிறையாது. ஆனால் குதிரைமசால் எங்கள் மண்ணில் இரண்டாவது மழையைத் தாண்டியதில்லை. முளைக்கும், நாலு இலை விடும். பிறகு தரையை ஒட்டின இடத்தில் தண்டு நூலாக இளைத்துப் பழுப்பாகிச் சாயும். தப்பிய செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரின் தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வரும், நாற்றத்தோடு. பூஞ்சண அழுகல். கச்சாஞ்சாவின் கடையில் அதற்கு ஒரு சிவப்புத் தூள் விற்பார். விதையில் கலந்து போட்டால் முளையைக் காப்பாற்றும், செடியைக் காப்பாற்றாது. அதனால் வருடாவருடம் விதையும் தூளும் வாங்கினோம்.

எங்கள் நிலத்தில் ஒரு மூலை மட்டும் அழுகவில்லை. தொழுவத்துக்குக் கீழே, வேலி ஓரம், இரண்டு கட்டில் போடும் அளவு இடம். ஒன்பது வருடமாக அதே செடிகள். வெட்ட வெட்டத் துளிர்த்தன. நான் அதைக் கவனித்ததே இல்லை. அறுப்பவள் வச்சேரா, அவள் கவனித்தாள்.

மகேனா வந்த வருடம் மழை கூடுதல். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த, மேரு ஊர்ப் பக்கத்துப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் பை. அழுகிய செடிகளைப் பார்க்க வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தாள்.

"செத்ததைப் பாக்கணும்னா ஊர் முழுக்க இருக்கு, போய்ப் பாரு" என்றாள் வச்சேரா. "சாகாததைப் பாக்கணும்னா உள்ள வா."

அந்த மூலையில் இரண்டு செடிகளை வேரோடும் மண்ணோடும் தோண்டி எடுத்துக்கொண்டு போனவள் ஐந்து மாதம் கழித்து ஒரு சின்னக் கண்ணாடித் தட்டோடு வந்தாள். மூடிக்கு உள்ளே வெள்ளைக் கம்பளி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. நடுவில் ஒரு மங்கலான பொட்டு. பொட்டைச் சுற்றி வட்டமாகக் கொஞ்ச இடம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"வெள்ளையா இருக்கே, அதுதாம்மா அழுகல் பூஞ்சணம். நடுவுல இருக்கறது உங்க மண்ணுல, வேரை ஒட்டி இருந்த பாக்டீரியா. பாருங்க, பூஞ்சணம் அது பக்கத்துல வரலை."

"பயப்படுதா?"

"பயம்னு இல்ல. இது ஏதோ ஒண்ணைச் சுரக்குது, அது பட்ட இடத்துல பூஞ்சணம் வளராது. அதோட, வேரைச் சுத்தி இது முதல்ல போய்க் குடியேறிட்டா பூஞ்சணத்துக்கு இடமும் இல்ல, சாப்பாடும் இல்ல."

வச்சேரா தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "சுரைக்குடுவையில பால் உறையற மாதிரி. நல்ல புளிப்பு முன்னாடி போய் உக்காந்துட்டா கெட்டது நுழையாது."

மகேனா சிரித்துவிட்டாள். "அதேதான். இதைப் புரிஞ்சுக்க எனக்கு நாலு வருஷப் படிப்பு."

"அப்ப இது உறை, பாலுக்கு ஊத்தற உறை. அப்படிச் சொல்லேன். எதுக்கு இவ்வளவு நீளமான பேரு?"

மகேனா அந்தப் பாக்டீரியாவை வளர்த்து, அரைத்த கரித்தூளில் கலந்து கறுப்புப் பொடியாகக் கொண்டுவந்தாள். சோளக் கஞ்சியைக் காய்ச்சி நன்றாக ஆறவிட்டு, விதையை அதில் பிசறி, பொடியைத் தூவி உருட்ட வேண்டும். நிழலில் வைக்க வேண்டும். அன்றைக்கே விதைக்க வேண்டும். வேறு எதையும் சேர்க்கக் கூடாது. "உயிரோட இருக்கும்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "செத்துட்டா வெறும் கரி."

எங்கள் கீழ் வயலில் போட்டோம். இரண்டு மழை தாண்டி நின்றது. மகேனா ஒரு வேரைப் பிடுங்கிக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று, குழந்தை விரல் மாதிரி. அதைப் பார்க்கச் சங்கத்தார் வேலிமேல் ஏறி நின்றார்கள். எல்லாருக்கும் வேண்டும் என்றார்கள். அடுத்த மழைக்கு அறுபது பேருக்குப் பொட்டலம் தயாரானது. கொடுப்பது கச்சாஞ்சாவின் கடை வழியாக. ஊரில் வேறு கடை இல்லை. பொட்டலத்தின்மேல் எங்கள் மொழியில் ஒரு சீட்டு அச்சடித்து ஒட்ட வேண்டும். அதை எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

கடையில் நாங்கள் நாலு பேர். கச்சாஞ்சா கல்லாவுக்குப் பின்னால், மகேனா வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வச்சேரா தராசுக்குப் பக்கத்தில், நான் பேனாவோடு.

"உறைன்னு எழுதுங்க" என்றாள் வச்சேரா.

கச்சாஞ்சா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உறையா? அம்மா, உறையை எவனாவது கடையில வாங்குவானா? பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி கேட்டாக் குடுத்துட்டுப் போறாங்க. மருந்துன்னு போடு செக்ரட்டரி. மருந்துன்னாத்தான் மரியாதை."

"மருந்துன்னா கொல்றதுன்னு நினைப்பாங்க தலைவரே. இதைக் கொல்லாமப் பாத்துக்கணும்."

"பிழைக்க வெக்கிறதும் மருந்துதானே. ஆஸ்பத்திரியில பின்ன என்ன குடுக்கறாங்க, ரொட்டியா?"

"ஆஸ்பத்திரி மருந்தை வாயில போடறோம். உண்ணிக்கு அடிக்கிற மருந்தை வாயில போடுவோமா? ரெண்டுக்கும் ஒரே பேரு. அவனவன் தனக்குத் தெரிஞ்சதைத்தான் நெனச்சுக்குவான். உறைன்னு சொல்லிப் பாருங்க, ஒரு பொம்பளைக்கும் விளக்க வேண்டாம். கொதிக்கிற பால்ல உறை ஊத்த மாட்டா. சோப்புப் போட்டுக் கழுவின குடுவையில ஊத்த மாட்டா. வெயில்ல வெக்க மாட்டா."

"பாத்தியா செக்ரட்டரி, உன் வீட்டுல ராத்திரிச் சாப்பாடு பிரசங்கத்தோடதான் போல."

மகேனாவுக்கு வண்டி வந்துவிட்டது. "எதுவா இருந்தாலும் கீழ முறையைத் தெளிவா எழுதிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் எழுதினேன்: 'குதிரைமசால் வேரழுகல் மருந்து.' கீழே முறையையும் எழுதினேன், ஏழு வரி, தெளிவாக. ஏழு வரியையும் யாரும் படிக்கவில்லை. முதல் வரியைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு சொல் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது.

கச்சாஞ்சா வற்புறுத்தினார், அதனால் எழுதினேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி பொய். உறை என்பது அடுப்படிச் சொல். அச்சடித்த சீட்டில் அதைப் போட எனக்கே கூச்சமாக இருந்தது.

மருந்து என்று பேர் வைத்ததும் மருந்துக்கு என்ன செய்வார்களோ அதையெல்லாம் செய்தார்கள். உண்ணி மருந்து இரண்டைக் கலந்தால் வேகம் கூடும் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி கறுப்போடு சிவப்பைக் கலந்தார்கள். கலக்கச் சொன்னதே கச்சாஞ்சாதான். "கறுப்பு சும்மா கிடைக்குது, கூட சிவப்பு ஒரு பொட்டலம் எடுத்துக்க. ரெண்டும் சேர்ந்தா பூஞ்சணம் தலை தூக்காது." அதை என் காதால் கேட்டேன். சிவப்புத் தூள் பூஞ்சணத்தைக் கொல்லும், அது பட்டால் மகேனாவின் பாக்டீரியாவும் பிழைக்காது. இது சீட்டில் ஐந்தாம் வரியில் இருந்தது.

சிலர் சூடு குறையாத கஞ்சியில் கரைத்தார்கள், மருந்து நன்றாகக் கரையட்டும் என்று. சிலர் விதையைத் தகரத்தின்மேல் பரப்பி வெயிலில் உலர்த்தினார்கள். ஒருவர் தண்ணீரில் கலக்கி இலைமேல் அடித்தார். இன்னொருவர் தன் கன்றுக்குட்டிக்கு வயிற்றுப் பூச்சிக்குக் கொடுத்துப் பார்த்தார். கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அறுபது வீட்டில் அந்தப் பொடியால் தீங்கு வராத ஒரே உயிர் அதுதான் என்று வச்சேரா பிற்பாடு சொல்லிச் சிரித்தாள்.

விதைப்பு வாரத்தில் அவள் சிரிக்கவில்லை. நாலு நாள் வீடு வீடாக ஓடினாள். நானும் ஒரு நாள் கூடப் போனேன். மேட்டு வீட்டு நியோகபியின் முற்றத்தில் ஓர் அலுமினியப் பேசின். அதில் விதை, கறுப்புப் பொடி, சிவப்புத் தூள். நியோகபியின் கை முழங்கை வரை சிவப்பு.

"நியோகபி, என்ன பண்ணி வெச்சிருக்க?"

"பாத்தா தெரியலையா? சப்பாத்திக்கு மாவு பிசையறேன்."

"ரெண்டையும் சேத்தா கறுப்பு செத்துரும்டி."

நியோகபி பேசினை விட்டு நிமிர்ந்தாள். அவள் குரல் எப்போதும் அடுத்த மேடு வரைக்கும் கேட்கும். "மருந்து சாகுமா? கேட்டுக்கோங்க ஊர்க்காரங்களே, செக்ரட்டரி பொண்டாட்டி மருந்துக்கு எழவு சொல்ல வந்திருக்கா. என்னைக்கி அடக்கம்னு சொல்லு, டீ போட்டு வெக்கிறேன்."

வேலிக்கு அப்பால் இருந்தவர்கள் சிரித்தார்கள். வச்சேரா என்னைப் பார்த்தாள். சீட்டு எழுதியவன் நான்தானே, நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாள். நான், "ஐந்தாம் வரியைப் படிச்சுப் பாருங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மே மாதம் ஊரே அழுகியது. எங்கள் வயல் மட்டும் நின்றது, அதுதான் எங்களுக்கு வினையாக வந்தது. நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு ஊருக்குக் கரியைக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். மகேனாவைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் வேலை பார்த்த திட்டம் ஜூன் மாதமே முடிந்து அவளை எங்கேயோ மாற்றிவிட்டார்கள். எப்படிக் கலந்தார்கள் என்று விசாரித்து, சிவப்புத் தூள் பட்டுத்தான் பாக்டீரியா செத்தது என்று சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அதைக் கூட்டத்தில் படிக்க வேண்டாம் என்று கச்சாஞ்சா சொன்னார். நான் கோப்பில் வைத்தேன். பிறகு ஏழாம் தீர்மானம் எழுதினேன்.

செப்டம்பரில் வச்சேராவுக்குச் சோளமும் பீன்ஸும் தொண்டையில் நின்றது. அக்டோபரில் களி நின்றது. எங்கள் மகள் கத்தோனி நைரோபியிலிருந்து வந்து கூட்டிப்போய்க் காட்டினாள். உணவுக் குழாயில் வளர்ந்துவிட்டது, தாமதம் என்றார்கள். திருப்பிக் கூட்டிவந்தோம்.

பால் ஊற்றும் இடத்தில் காலை ஆறு மணிக்கு வரிசை நிற்கும். நான் கேனோடு நின்றேன். எனக்கு நாலு பேருக்கு முன்னால் நியோகபி. நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

"ஊரை ஏமாத்தின மருந்து எங்க போகும்? தொண்டையிலேயே நின்னுடுச்சு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவளை அதட்டவும் இல்லை. நானும் இல்லை. என் முறை வந்ததும் கேனைத் தராசில் வைத்து, லிட்டரைப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் நான் போட்ட கையெழுத்துகளில் எதை நினைத்தால் அதிகம் எரிகிறது என்று கேட்டால், ஏழாம் தீர்மானத்துக்கு அடுத்து அதுதான்.

டிசம்பரில் அவளுக்கு இறங்கியது குடுவையில் புளித்த பால் மட்டும். கத்தோனி ஒரு கரண்டி ஒரு கரண்டியாகக் கொடுப்பாள். ஒரு மத்தியானம் வச்சேரா குடித்து முடித்துவிட்டு என்னைக் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அந்த மூலை இன்னும் நிக்குதா?"

"நிக்குது."

"ஒரே வீட்டுல இருக்கற உறை ஒரு நாள் செத்துப்போகும். மாடு மிதிக்கும், எவனாவது மருந்து கொட்டுவான். நாலு வீட்டுல இருந்தாத்தான் நாம கெடுத்தாலும் இன்னொருத்தி குடுப்பா. மகேனா பொடி வேண்டாம், அந்த வேர் மண்ணே போதும், ஆறின கஞ்சியில கரைச்சுக்கலாம். ஆனா புத்தகத்துல அப்படி எழுதி இருக்கற வரைக்கும் யாரு வந்து கேப்பாங்க?"

அவள் வாயோரம் ஒழுகின பாலைத் துடைத்துவிட்டேன்.

"எனக்கு அழ வேண்டாம் கத்தோனி அப்பா. அந்தச் சொல்லை அடிச்சுடுங்க. நீங்க எழுதினது. நீங்கதான் அடிக்கணும்."

ஜனவரி பத்தொன்பதாம் தேதி இறந்தாள். அடக்கத்தில் சங்கத்தின் சார்பாகக் கச்சாஞ்சா பேசினார். கறுப்புக் கோட்டு. "நம்ம சகோதரி ஒரு மருந்து கொண்டுவந்தாங்க. ஆண்டவனோட சித்தம், அது பலிக்கலை. ஆனா மனசு நல்ல மனசு." நல்ல மனசு என்று சொன்னபோது சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மண்வெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்து மண்ணைத்தான் தள்ளினேன்.

பிப்ரவரிக் கடைசியில், மழைக்கு முன்னால் நடக்கும் கூட்டம். ஜூலைக்குப் பிறகு அதுதான் முதல் கூட்டம். எந்தக் கூட்டமும் போன கூட்டத்து நடவடிக்கையைப் படித்துத்தான் தொடங்க வேண்டும். படித்து முடித்ததும் தலைவர், "திருத்தம் உண்டா?" என்று கேட்பார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், தலைவர் கையெழுத்துப் போடுவார். அதன்பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நான் ஏழு மாதமாகக் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்காக.

ஏழாம் தீர்மானத்தை நானே நின்று படித்தேன்.

"திருத்தம் உண்டா?" என்று கேட்ட கச்சாஞ்சா பேனா மூடியை ஏற்கெனவே கழற்றியிருந்தார்.

"உண்டு" என்றேன்.

"செக்ரட்டரி திருத்தம் சொல்லக் கூடாதுப்பா. உறுப்பினர் சொல்லணும்."

"நானும் உறுப்பினர்தான். பதினெட்டாம் நம்பர்." கையில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். "'மருந்து' என்ற சொல்லை அடித்துவிட்டு 'உறை' என்று எழுத வேண்டும். 'பயனற்றது' என்பதை அடித்துவிட்டு, 'சிவப்புத் தூளோடு கலந்ததால் செத்துப்போனது' என்று எழுத வேண்டும். கலக்கச் சொன்னவர் தலைவர் என்றும், சீட்டில் தவறான பேரை எழுதியவர் செயலாளர் என்றும் சேர்க்க வேண்டும். மகேனாவின் கடிதத்தை இணைக்க வேண்டும்."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கச்சாஞ்சா கையை உயர்த்தினார். கோபப்படவில்லை. அந்த ஆளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"மனுஷன் துக்கத்துல இருக்கார். நாம புரிஞ்சுக்கணும். சரி, முறைன்னு ஒண்ணு இருக்கு. இதை வழிமொழிய யாரு இருக்கீங்க?"

ஐம்பத்திரண்டு பேர். சிவப்புத் தூள் வாங்கியவர்கள், கலந்தவர்கள், கலக்கச் சொன்னதைக் காதால் கேட்டவர்கள். பாதிப் பேர் வீட்டுப் பிரசவத்துக்கு வச்சேரா துணை போயிருக்கிறாள். ஒருத்தர் இருமினார். ஒருத்தர் செருப்பைப் பார்த்தார். நான் நியோகபியின் கையைப் பார்த்தேன். அவள் கையைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"யாரும் இல்லை. திருத்தம் விழுந்துடுச்சு. அடுத்த விஷயம் என்ன செக்ரட்டரி?"

"இருங்க. எழுதிக்கறேன்." உட்கார்ந்து எழுதினேன். 'திருத்தம் முன்வைக்கப்பட்டது. வழிமொழிய யாரும் இல்லை. அப்போது கூட்டத்தில் இருந்தவர்கள்:' தலையை உயர்த்தி முதல் பெஞ்சில் முதல் ஆளைப் பார்த்தேன். "முழுப் பேரு சொல்லுங்க."

"எதுக்குப்பா?" என்றார் கச்சாஞ்சா.

"வருகைப் பதிவு தலைவரே. முறைன்னு ஒண்ணு இருக்குன்னீங்களே."

ஒவ்வொருவராகக் கேட்டேன். முப்பது வருடமாகத் தெரிந்தவர்களை, கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர்களை, பேர் சொல்லச் சொல்லி எழுதினேன். அவசரப்படவில்லை. என் அழகான கையெழுத்தில் எழுதினேன். வெளியே பால் லாரி இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவர் பேரை இரண்டு தடவை எழுதுவேன் என்று பயந்தார்களோ என்னவோ.

மூன்றாவது பெஞ்சு வந்தது.

"முழுப் பேரு."

"என் பேரு உங்களுக்குத் தெரியாதா கத்தோனி அப்பா?"

"தெரியும். சொல்லு."

"ஹன்னா நியோகபி கிமானி" என்றாள். அடுத்த மேடு வரை கேட்கும் அந்தக் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "சத்தமா" என்றேன். மறுபடி சொன்னாள்.

கடைசிப் பேரை எழுதிவிட்டுப் பேனாவையும் அலமாரிச் சாவியையும் கச்சாஞ்சாவின் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வேலை முடிந்த திருப்தி இல்லை. சொல்லை அடிக்கச் சொன்னாள். அடிக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு பேரை அதற்குக் கீழே நிற்கவைத்தேன், அவ்வளவுதான்.

மார்ச் இரண்டாம் வாரம். மேகம் மலையை விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த மூலையில் நான் மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"கத்தோனி அப்பா, இருக்கீங்களா?"

"கண்ணு தெரியுதுல்ல."

நியோகபி வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "கொஞ்சம் உறை வேணும்."

அரிவாளை நிறுத்தாமல் அறுத்தேன். "கடைக்குப் போ. மருந்து விக்கிறாங்க."

"மருந்து எங்க கிடைக்கும்னு தெரியாமலா இங்க வந்து நிக்கிறேன்."

"வழிமொழிய மட்டும் தெரியலை."

"என் மருமகன் தலைவர் வண்டி ஓட்டறான். தெரியுமில்ல உங்களுக்கு."

நான் நிமிர்ந்தேன். "தொண்டையில நின்னுச்சுன்னு சொன்னியே, பால் வரிசையில. அதுவும் மருமகன் வண்டிக்காகச் சொன்னதா?"

அவள் முகம் மாறியது. நான் கேட்டிருப்பேன் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் வாய்" என்றாள். "அதுக்கு வேற யாரும் காரணம் இல்ல."

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விரட்டியிருப்பேன். உறை கேட்டு வந்தவளை வெறுங்கையோடு அனுப்பினால் நம் வீட்டுக் குடுவை கசந்துபோகும் என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வச்சேராவுக்கு இருந்தது. அதோடு, இவள் ஒருத்திதான் சரியான பேரைச் சொல்லிக் கேட்டு வந்தவள்.

"எதுல வாங்கிக்கப் போற?"

சால்வைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். அதே அலுமினியப் பேசின். விளிம்பின் மடிப்பில் இன்னும் சிவப்பு ஒட்டியிருந்தது.

"இதுலயா? இதையா கொண்டு வந்த?"

"கழுவிட்டேன். மூணு தடவை."

"எதைப் போட்டு?"

"சோப்புப் போட்டுத்தான். பின்ன எப்படிப் போகும்?"

"போய்க் குடுவை எடுத்துட்டு வா. பால் குடுவை. சோப்பு படாதது, மருந்து படாதது. அந்தப் பேசினை இந்த நிலத்துக்குள்ள கொண்டு வந்தா காலை வெட்டிடுவேன்."

"மேடு ஏறி இறங்க அரை மணி ஆகும். எனக்கு முட்டி வலி."

"ஏறு."

ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனாள். என் பேரும் வச்சேராவின் பேரும் அதில் இருந்தன. நான் ஒரு செடியைப் பக்கத்து மண்ணோடு தோண்டி எடுத்தேன். வேர் வெள்ளையாக இருந்தது, மண் அதைவிட்டு உதிர மறுத்தது. வெயில் படக் கூடாது என்று கோணியை நனைத்து மேலே போட்டேன். அவள் வராமலே போகலாம் என்றும் நினைத்தேன். வராவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்க வந்தாள், இரண்டு கையாலும் ஒரு சுரைக்குடுவையைப் பிடித்துக்கொண்டு. முகர்ந்து பார்த்தேன். பழைய புளிப்பு வாசனை மட்டும் இருந்தது. ஒரு கை மண்ணை எடுத்தேன். அவள் குடுவையை நீட்டினாள். நான் போடவில்லை.

"முதல்ல முறையைச் சொல்லு."

"என்னது, பள்ளிக்கூடமா?"

"சொல்லு."

குடுவையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். "கஞ்சி ஆறணும். கையை விட்டா சுடக் கூடாது. நிழல்ல பிசறணும். அன்னைக்கே விதைச்சுடணும்." இவ்வளவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று தன் முற்றத்தில் நின்று வச்சேரா கத்தியதையெல்லாம் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள்.

"எதோட கலக்கக் கூடாது?"

நியோகபி என் கையில் இருந்த மண்ணைப் பார்த்தாள்.

"மருந்தோட" என்றாள்.

"சத்தமா" என்றேன்.